பாட்டியின் பாட்டுகள் முதலில்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை நான். கோடை விடுமுறையில் மாடித்தோட்டம் போட வேண்டும், ஆரி வேலை கற்றுக்கொள்ள வேண்டும், 84 வயதுப் பாட்டி பாடும் நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரியெல்லாம் பதிவு செய்து எழுதிவைக்க வேண்டும். போன வருடம் மூன்றையும் தொடங்கி எதையும் முடிக்கவில்லை. நேரத்தை எப்படிப் பிரிப்பது?
- ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: பிரிக்காதீர்கள், தோழி. விடைத்தாள் திருத்தும் பணி, வைகாசிக் கல்யாணங்கள், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்து வேலைகள் எல்லாம் போக உங்கள் கையில் நிற்பது இருபது நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மூன்றாகக் கூறு போட்டால் மூன்றுமே பாதியில் நிற்கும்.

தோட்டத்துக்கு மே மாதம் ஏற்ற காலமே இல்லை. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் நாற்று கருகிவிடும், ஆடிப்பட்டம் வரப்போகிறது, அதற்கு விதைத்தால் போதும். இப்போதைக்கு ஒரு நாள் சாயங்காலம் செம்மண், தென்னைநார்க் கழிவு, தொழு உரம் கலந்து பைகளில் நிரப்பி வையுங்கள், அவ்வளவுதான். ஆரி வேலைக்குப் பல ஊர்களில் ஞாயிறு வகுப்பு இருக்கிறது, ஜூனுக்குப் பிறகு போகலாம்.

பாட்டி விஷயம் அப்படித் தள்ளிப்போட முடியாது. என் அம்மாச்சியின் தாலாட்டில் இரண்டு வரிதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அடுத்த லீவில் எழுதிக்கொள்ளலாம் என்று மூன்று லீவு தள்ளிப்போட்டேன், அதற்குள் அவர் போய்விட்டார். இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

அதனால் முதல் நான்கு நாள் நன்றாகத் தூங்குங்கள், வருடம் முழுக்கக் கத்திய தொண்டைக்கும் ஓய்வு வேண்டும். அப்புறம் தினமும் காலை ஆறு மணிக்குப் பாட்டியோடு உட்காருங்கள். மின்விசிறி ஓடினால் பதிவில் அந்த இரைச்சல்தான் கேட்கும், அதை நிறுத்திவிட்டு உட்காரக்கூடிய நேரம் மே மாதத்தில் விடியற்காலைதான். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பாட்டு அறுந்துபோகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அவருக்கு மூச்சு வாங்கும். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடக் கூடாது என்று பெரியவர்கள் பலர் நினைப்பார்கள், வற்புறுத்தாமல் வயல் பக்கமோ கொல்லைப் பக்கமோ கூட்டிப்போய்க் கேட்டுப் பாருங்கள்.

முழுவதையும் உடனே எழுத நினைக்காதீர்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும், போன வருடம் நீங்கள் சிக்கிக்கொண்டது அநேகமாக இதில்தான். அதைக் காலாண்டு விடுமுறையில் செய்யலாம். ஆனால் புரியாத சொல், ஊர்ப் பெயர், யார் இறந்தபோது பாடியது என்பதையெல்லாம் அன்றன்றைக்கே பாட்டியிடம் கேட்டு ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள். பதிவுகளுக்கு ஒரு பிரதி எடுத்து உங்கள் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்து வையுங்கள்.