மகளிடம் அவள் தலைமுறை மாதிரி பேசலாமா?

தோழிகள் முன்னால் நீங்கள் "செம கெத்து மச்சி" என்றதும் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், இரண்டு நாளாகப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் அவளுக்கு உங்கள் மேல் வெறுப்பில்லை. இந்தச் சொற்கள் பொருளுக்காக மட்டும் இல்லை. 'நாங்கள் ஒரு கூட்டம்' என்று காட்டிக்கொள்ளத்தான். பெரியவர்கள் வாயில் வந்துவிட்டால் அந்த வேலை முடிந்தது, அப்புறம் பிள்ளைகள் வேறு சொல்லுக்குப் போய்விடுவார்கள். பிறரைக் கவர்ந்திழுக்கும் வசீகரத்தைக் குறிக்கும் 'ரிஸ்' (rizz) என்ற இளைஞர் சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 2023-இன் சொல்லாகவே அறிவித்தார்கள். அகராதி வரை வந்ததை நாம் துரத்திப் பிடித்து என்ன பயன்?

'செம' எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது, தாராளமாகச் சொல்லுங்கள். புதுச் சொல் காதில் விழுந்தால், தனியாக இருக்கும்போது "அதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேளுங்கள். என் மகனிடம் நான் அப்படிக் கேட்டபோதுதான் அவன் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினான்.