விசிபியுவை எந்தக் கோரில் கட்டுவது?

வாசகர் ஒருவரின் கேள்வி: 8 கோர், 16 த்ரெட் உள்ள லினக்ஸ் ஹோஸ்டில் (விஎம்மைத் தாங்கும் கணினி) கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி) மூலம் 4 விசிபியு (மெய்நிகர் சிபியு) கொண்ட விஎம் (மெய்நிகர் கணினி) ஒன்றை ஓட்டுகிறார். ஒரு கோரின் இரண்டு த்ரெட்களையும் ஹோஸ்ட் தனித்தனிச் சிபியுவாக எண்ணும். 'விர்ஷ் விசிபியுபின்' கட்டளையால் அவற்றை ஹோஸ்டின் 0, 1, 8, 9 ஆகிய சிபியுக்களில் கட்டியிருக்கிறார், அதாவது அங்கே மட்டும் ஓடும்படி வைத்திருக்கிறார். வேகம் கூடவில்லை. விஎம்மை அணைத்துப் போட்டதும், கட்டிவைத்த அமைப்பு காணாமல் போய்விட்டது. எந்த ஆப்ஷன் விட்டுப்போனது?

காணாமல் போனதற்குக் காரணம் எளிது. ஆப்ஷன் எதுவும் தராவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மில் மட்டும்தான் மாற்றம் நடக்கும். --கான்ஃபிக் சேர்த்தால் அது அடுத்த துவக்கத்துக்கு எழுதப்படும். கூடவே --லைவ் கொடுத்தால் இப்போதும் அமலாகும். இரண்டையும் சேர்த்தே தட்டிப் பழகிக்கொள்ளுங்கள். டாஸ்க்செட் கட்டளையிலும் இதைச் செய்யலாம். ஆனால் விஎம் மறுபடி துவங்கும்போது அதன் த்ரெட்களின் (இங்கே நிரலின் இழைகள், சிபியுவின் த்ரெட் அல்ல) எண்கள் மாறிவிடும் என்பதால், சோதனைக்கு மட்டும்தான் அது சரிப்படும்.

வேகம் வேறு கதை. ஹோஸ்டில் 'எல்எஸ்சிபியு -இ' என்று கொடுத்து, கோர் என்ற பத்தியைப் பாருங்கள். இதுபோன்ற பல இன்டெல் கணினிகளில் 0-வும் 8-உம் ஒரே கோரின் இரண்டு த்ரெட்கள். 1, 9 அடுத்த ஜோடி. உங்களிடமும் அப்படியே இருந்தால், நான்கு விசிபியுக்களும் இரண்டே கோர்களுக்குள் முட்டிக்கொண்டிருக்கின்றன! அவற்றை 2, 3, 4, 5-க்கு மாற்றிப் பாருங்கள். சில கணினிகளில் 0, 1 தான் ஜோடியாக இருக்கும், அதனால் எண்ணை ஊகிக்காமல் பார்த்துவிட்டே கட்டுங்கள். ஜோடியாகத்தான் தர வேண்டும் என்றால், விஎம் அமைப்பிலும் ஒரு கோருக்கு 2 த்ரெட் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் இயங்குதளம் நான்கும் தனித்தனிக் கோர் என்று நம்பி வேலையைப் பிரித்துக் கொடுக்கும்.

பலரும் நழுவவிடுவது ஒன்று உண்டு. விசிபியு எங்கே ஓட வேண்டும் என்பதைத்தான் விசிபியுபின் சொல்கிறது. மற்றவர்கள் அங்கே வரக்கூடாது என்று சொல்வதில்லை. ஹோஸ்டின் மற்ற வேலைகள் அதே கோருக்குத் தாராளமாக வரும். விஎம்மை ஓட்டும் நிரலான க்யூஎம்யூவின் சொந்த த்ரெட்களை 'எமுலேட்டர்பின்' கட்டளையால் 0, 1-க்கு ஒதுக்கிவிடுங்கள். ஐஓத்ரெட் (வட்டில் படிப்பது, எழுதுவதற்கான தனி த்ரெட்) வைத்திருந்தால் அதற்கென 'ஐஓத்ரெட்பின்' இருக்கிறது.

இதற்கும் மேலே போனால், கர்னல் துவக்க வரியில் ஐசோல்சிபியுஸ் என்ற அமைப்பைக் கொடுத்துச் சில கோர்களை முழுதாக ஒதுக்கலாம். ஆனால் அப்படி ஒதுக்கிய கோர்களுக்கிடையே ஷெட்யூலர் (வேலைகளைச் சிபியுக்களுக்குப் பிரித்துத் தரும் கர்னல் பகுதி) சுமையைப் பகிர்வதில்லை. ஒவ்வொரு விசிபியுவுக்கும் 2-5 என்று வீச்சாகக் கொடுத்தால், நான்கும் ஒரே கோரில் குவிந்து கிடக்கலாம். அங்கே ஒன்றுக்கு ஒன்று என்றுதான் கட்ட வேண்டும். கட்டிய பின் 'விர்ஷ் விசிபியுஇன்ஃபோ' கொடுத்தால், ஒவ்வொரு விசிபியுவும் இப்போது எந்தச் சிபியுவில் இருக்கிறது என்பது தெரியும்.