யுனிவர்சலின் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்: சூப்பர்சார்ஜ்ட்’ சவாரி ரசிகர்களை ஏன் இவ்வளவு ஏமாற்றியது?

கேள்வியில் நீங்கள் குறிப்பிட்டிருப்பது, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரத்து யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் 2018 ஏப்ரல் 23 அன்று திறக்கப்பட்ட சவாரியை. அந்தப் பூங்காவின் மிக மோசமான சவாரி என்று பழைய ரசிகர்கள் பலர் விரைவிலேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் பிறகு மாறவே இல்லை. “எல்லாம் திரைதான், வேறொன்றும் இல்லை” என்பதே அவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். அது பாதிக் காரணம்தான் என்பது என் கருத்து. ஏனென்றால் அதே நிறுவனம் திரைகளைக் கொண்டே அமைத்த வேறு சில சவாரிகளை இதே ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடி வந்திருக்கிறார்கள். மீதிக் காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் சில ஆண்டுகள் டாம்பாவில் வேலை பார்த்தேன். அங்கிருந்து ஆர்லாண்டோ ஒன்றரை மணி நேரப் பயணம் என்பதால், ஆண்டு முழுவதும் செல்லும் நுழைவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. 2013ஆம் ஆண்டு கோடையில் திருநெல்வேலியிலிருந்து அப்பா வந்திருந்தார். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நான் ‘டிசாஸ்டர்!’ என்ற சவாரிக்கு அழைத்துச் சென்றேன். பூங்கா திறந்த 1990ஆம் ஆண்டிலிருந்தே அங்கே இருந்த நிலநடுக்கச் சவாரிக்கு 2008இல் புதுக் கதை ஒன்றைச் சேர்த்து வைத்த பெயர் அது.

சான்ஃபிரான்சிஸ்கோவின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றை முழு அளவில் கட்டி வைத்திருந்தார்கள். நாம் ஏறி அமர்ந்த ரயில் அந்த நிலையத்துக்குள் வந்து நின்றதும் தரை அதிரத் தொடங்கும். தூண்கள் சாயும், மேலே சாலை பிளந்து, எரிவாயு ஏற்றிய டேங்கர் லாரி ஒன்று நம்மை நோக்கிச் சரிந்து இறங்கித் தீப்பிடிக்கும், எதிர்த் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் வந்து மோதும், கடைசியில் படிக்கட்டு வழியாக வெள்ளம் பாய்ந்து வரும். அப்பா முன்னிருக்கையின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வருவதைப் பார்த்ததும் காலைத் தூக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டார். வெளியே வந்த பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “அந்த லாரி திரும்ப மேல எப்படில போகும்?” என்பதுதான். அன்று மாலை வரை அவருக்கு அதே யோசனைதான். ஹைட்ராலிக் என்றால் எண்ணெய் எவ்வளவு பிடிக்கும், ஒரு நாளைக்கு எத்தனை முறை அது இறங்கி ஏறும், சீல் எத்தனை மாதம் தாங்கும், அவ்வளவு தண்ணீரும் சில நிமிடங்களுக்குள் எந்த வழியாக வடியும் என்று, சாப்பிடும்போதும் காரில் திரும்பி வரும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

2015 செப்டம்பரில் அந்தச் சவாரி மூடப்பட்டது. 2016 ஜனவரியில் பக்கத்திலிருந்த பீட்டில்ஜூஸ் மேடை நிகழ்ச்சியும் நிறுத்தப்பட்டு, இரண்டு இடங்களும் சேர்ந்து ‘சூப்பர்சார்ஜ்ட்’ சவாரிக்கு ஒதுக்கப்பட்டன. அவ்வளவு பெரிய இடத்தில், உலகமே அறிந்த கார்ப் படத் தொடரின் பெயரில் ஒரு சவாரி வருகிறது என்றால் ரசிகர் என்ன எதிர்பார்ப்பார்? வேகம். வந்ததோ ஒரு பேருந்து. முதலில் கார்ப் பட்டறைபோல அமைத்த கட்டடத்துக்குள் வரிசையில் நிற்க வேண்டும். பிறகு இரண்டு அறைகளில், ஊழியர் ஒருவர் நேரில் நடிக்க, படத்தின் நடிகர்கள் திரையில் அவருக்குப் பதில் சொல்ல, கதையின் முன்கதை நடக்கும். அதன்பின் நீளமான ‘பார்ட்டி பஸ்’ ஒன்றில் ஏறினால், அது மெதுவாக உருண்டு சென்று, இருபுறமும் திரை சூழ்ந்த குகைபோன்ற கூடம் ஒன்றில் நின்றுவிடும். அதன்பின் நடக்கும் துரத்தல், துப்பாக்கிச் சூடு, ஹெலிகாப்டர் எல்லாம் திரையில்தான். பேருந்து நின்ற இடத்திலேயே குலுங்கும். துரத்தல் நன்றாகச் சூடு பிடிக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும்.

இந்தப் படைப்பு ஆர்லாண்டோவுக்காக உருவாக்கப்பட்டதே அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2015 ஜூன் 25 அன்று, கலிஃபோர்னியாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஹாலிவுட்டில், ஸ்டுடியோவைச் சுற்றிக் காட்டும் டிராம் பயணத்தின் கடைசிக் கட்டமாக அது முதலில் திறக்கப்பட்டது. அந்தப் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீள்வது. உண்மையான படப்பிடிப்புத் தெருக்கள், வெள்ளம் பாயும் மலைச்சரிவு, பழைய சுறா மீன், நிலநடுக்கம் என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, ஏறிய டிராமிலிருந்து இறங்காமலேயே கிடைக்கும் சில நிமிடக் காட்சி அது. அதற்கென்று யாரும் தனியாக வரிசையில் நிற்கவில்லை. அதனால் அங்கே அது ஓரளவு எடுபட்டது. கல்யாணச் சாப்பாட்டின் முடிவில் வரும் பீடாவை மட்டும் எடுத்து, தனி இலை போட்டு ஒரு வேளைச் சாப்பாடாகப் பரிமாறியதுபோல, ஆர்லாண்டோவில் அதையே முழுச் சவாரியாக வைத்தார்கள். ஒரு மணி நேரம் வெயிலிலும் நெரிசலிலும் காத்திருந்து வருபவருக்கு அது எப்படிப் போதும்?

உடலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்; என்னைப் பொறுத்தவரை இதுதான் விஷயத்தின் மையம். வேகத்தைக் கண் மட்டும் உணர்வதில்லை. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பும், முதுகை அழுத்தும் இருக்கையும், முகத்தில் படும் காற்றும் சேர்ந்துதான் உணர்கின்றன. இருளில் ஒரு இருக்கையை மெதுவாகப் பின்னால் சாய்த்தால், உட்காது அதைச் சாய்வு என்று பிரித்தறியாமல், வண்டி முன்னோக்கிப் பாய்கிறது என்று எடுத்துக்கொள்ளும். விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டர்கள் இந்தத் தந்திரத்தை நம்பித்தான் இயங்குகின்றன. ஆனால் அதற்கு வண்டி சிறியதாக, வேண்டியபடி சாயக்கூடியதாக இருக்க வேண்டும். பயணியின் கண்ணுக்குத் திரையைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாது. 1991இல் இதே பூங்காவில் திறந்த ‘பேக் டு த ஃபியூச்சர்’ சவாரியில் எட்டுப் பேர் அமரும் சிறு கார்களை ஒரு பெரிய வளைவுத் திரைக்கு முன் நிறுத்தினார்கள். பார்வையின் எல்லை வரைக்கும் திரை மட்டுமே இருக்கும். பேருந்தில் அதற்கு வழியில்லை. வரிசை வரிசையாக முன்னால் உள்ளவர்களின் தலைகள், சன்னல் ஓரத்துக் கம்பிகள், யாரோ உயர்த்திப் பிடித்திருக்கும் கைப்பேசி என்று அசையாத பொருள்கள் எல்லாம் “நாம் நின்றுகொண்டுதான் இருக்கிறோம்” என்று கண்ணுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தவிர, திரையில் ஓடும் காட்சியின் தொலைவும் கோணமும் ஓர் இடத்திலிருந்து பார்ப்பவருக்குத்தான் சரியாக அமையும். நீண்ட பேருந்தின் முதல் வரிசைக்காரருக்கும் கடைசி வரிசைக்காரருக்கும் ஒரே காட்சி ஒரே அளவில் பொருந்துவது கடினம்.

திரையை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது தெரியாமல் நடந்த பிழை இது என்றும் சொல்ல முடியாது. கொஞ்ச தூரத்தில், அதே வளாகத்தின் இன்னொரு பூங்காவில், 1999 மே மாதம் திறந்த ஸ்பைடர்மேன் சவாரி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் வண்டி உண்மையாகவே தண்டவாளத்தில் நகர்கிறது, நகர்ந்தபடியே சுழல்கிறது, சாய்கிறது. திரைகளுக்கு இடையே உண்மையான சுவர்களும் குழாய்களும் பெட்டிகளும் இருக்கின்றன. எங்கே கட்டடம் முடிந்து எங்கே படம் தொடங்குகிறது என்பது எளிதில் பிடிபடாது. வண்டி நகர நகரப் பார்வைக்கோணம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அந்த மாற்றத்துக்கு ஏற்பப் படத்தையே வளைத்து உருவாக்கும் முறையை அதற்காகவே கண்டுபிடித்தார்கள். திரையில் எரியும் பூசணி வீசப்பட்டால் முகத்தில் சூடு படும். தண்ணீர் பீய்ச்சினால் சட்டையில் துளி விழும். கடைசியில் 400 அடி உயரத்திலிருந்து விழுவதுபோன்ற காட்சியில் வண்டி ஓர் அடிகூட விழுவதில்லை. ஆனாலும் எத்தனை முறை போனாலும் எனக்கு வயிறு கலங்கும். ஆகவே திரையைப் பழித்து நான் எழுதவில்லை. அங்கே திரை, கட்டிய உலகத்துக்குள் திறக்கும் சன்னலாக இருந்தது. சூப்பர்சார்ஜ்டில் உலகத்தைக் கட்டாமல் சன்னலை மட்டும் மாட்டினார்கள்.

அது வந்த காலமும் சேர்ந்துகொண்டது. 2014இல் ஹாரி பாட்டர் கதையில் வரும் வங்கியின் பெயரில் கிரிங்காட்ஸ், 2016இல் கிங்காங், 2017இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலன் பெயரில் ஒன்று, 2018இல் இது என்று, ஆர்லாண்டோவில் திரையை நம்பிய சவாரிகள் அடுத்தடுத்து வந்தன. ஃபாலன் சவாரிக்காக மூடப்பட்டது, ஐந்து மாடி உயரச் சூறைக்காற்றைக் கண்முன் சுழற்றிக் காட்டிய ‘ட்விஸ்டர்’. இதில் கிரிங்காட்ஸ் மீது மட்டும் ரசிகர்களுக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. அதற்காகப் பலருடைய செல்லமான சுறாப் படகுச் சவாரி 2012 ஜனவரியில் மூடப்பட்டபோது அழுதவர்கள் உண்டு. ஆனால் அந்த இடத்தில் கையால் தொட்டுப் பார்த்து நடக்கக்கூடிய ஒரு முழுத் தெருவும், ரோலர் கோஸ்டர் தண்டவாளமும் திரையும் கலந்த ஒரு சவாரியும் வந்தன. இழந்ததற்கு ஈடாக ஏதோ வந்தது என்ற நிறைவு இருந்தது.

நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை எடுத்த காட்சியை வேறு ஊர்ப் பூங்காக்களிலும் பயன்படுத்தலாம். சிங்கப்பூரில் 2011இல் தொடங்கிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரி பிறகு ஹாலிவுட்டுக்கும் ஆர்லாண்டோவுக்கும் போனது அப்படித்தான். ஃபுளோரிடாவில் கோடைப் பிற்பகல்களில் இடி மின்னலால் திறந்தவெளிச் சவாரிகளை அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கும். கூரைக்குள் ஓடும் சவாரிக்கு அந்தக் கவலை இல்லை. தண்ணீரிலும் தீயிலும் இயந்திரங்களை இயக்குவது எவ்வளவு சிரமம் என்பதற்கு அந்தச் சுறாச் சவாரியே சாட்சி: 1990இல் ஓயாத பழுதுகளால் மூடி, மாற்றியமைத்து, 1993இல்தான் மீண்டும் திறந்தார்கள். இவையெல்லாம் உண்மையான சிரமங்கள். ஆனால் அந்தச் சிரமங்களைப் பட்டுத்தான் அவர்கள் தங்கள் நல்ல பெயரைச் சம்பாதித்தார்கள் என்பதும் உண்மை.

பின்னர் அப்பா இரண்டாம் முறை வந்தபோது, வேறொரு பூங்காவில், பெயர் வேண்டாம், இதே வகையில் திரை சூழ நின்றுகொண்டு குலுங்கும் ஒரு சவாரிக்கு அவரையும் என் மகளையும் அழைத்துப் போனேன். முப்பரிமாணக் கண்ணாடியில் முன்பு அணிந்தவரின் விரல் ரேகை இருந்தது. என் சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தேன். படம் மங்கலாகத் தெரிந்தது. மேலே நிமிர்ந்தால் திரையின் விளிம்பும் அதற்கு மேல் கறுப்பு வண்ணம் பூசிய கூரையும் தெரிந்தன. விளக்குகள் எரிந்து, இறங்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. “படம் முடிஞ்சிட்டு. வண்டி எப்போ கெளம்பும்?” என்று என்னிடம் கேட்டார். அதுதான் சவாரி, முடிந்துவிட்டது என்று நான் சொன்னதும், சரி என்று தலையசைத்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வழி நெடுக அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் மிகவும் வலித்தது.

ரசிகர்களின் குறை யுனிவர்சலின் காதில் விழுந்ததா, அல்லது அவர்களே உணர்ந்தார்களா என்பது எப்படியிருந்தாலும், அடுத்து வந்தவை வேறு மாதிரி இருந்தன. 2019 ஜூனில் திறந்த, ஹாரி பாட்டர் கதையின் ஹாக்ரிட் பெயரிலான மோட்டார் சைக்கிள் சவாரி, காட்டுக்குள் பாயும் உண்மையான ரோலர் கோஸ்டர். அசையும் இயந்திர விலங்குகளும் அதில் உண்டு. முதல் நாளன்று அதற்காக மக்கள் பத்து மணி நேரம் வரை காத்திருந்தார்கள். 2021இல் வெலாசிகோஸ்டர் என்ற இன்னொரு ரோலர் கோஸ்டர் வந்தது. அதன் வேகம் மணிக்கு 70 மைல். ஹாலிவுட்டில் ஓடிக்கொண்டிருந்த சூப்பர்சார்ஜ்ட் 2025 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதே படத் தொடரின் பெயரில் அங்கே ‘ஹாலிவுட் டிரிஃப்ட்’ என்ற ரோலர் கோஸ்டரை அறிவித்தார்கள்: மணிக்கு 72 மைல் வேகம், ஓடும்போதே முழு வட்டமாகச் சுழலக்கூடிய கார்கள். கார் வழுக்கிக்கொண்டு திரும்புவதை, பார்ப்பதற்குப் பதிலாக உடலால் உணரலாம்.

அதைப் பற்றிக் கடந்த ஆண்டு தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். இப்போது காது சரியாகக் கேட்பதில்லை என்பதால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த வேகத்துல சுத்தணும்னா பேரிங்கை எங்கல வச்சிருப்பான்?” என்று கேட்டார்.