இரண்டு மயில், ஒரு மான்

கேள்வி: அசோகர் பாறைகளில் பொறித்து வைத்த அறவுரைகளைப் பள்ளிக்கூடத்தில் ஆஹா ஓஹோ என்று சொல்லிக் கொடுத்தார்கள். நம் தலைவர்கள் திறப்பு விழாவுக்கு வைக்கும் கல்வெட்டும் அதுவும் ஒன்றுதானே? இரண்டும் சுயவிளம்பரம்தானே?
– வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: விளம்பரம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். 'முன்பு தர்ம மகாமாத்திரர்கள் (அறத்தைக் கவனிக்கும் அதிகாரிகள்) இருந்ததில்லை, நான்தான் நியமித்தேன்' என்று அசோகர் தம்மைத் தாமே மெச்சிக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஆனால் 'ஒன்றுதானே' என்கிறீர்களே, அங்கேதான் இடறுகிறீர்கள்.

நம்மூர்க் கல்லில் பாலத்துக்கு ஒரு வரி, மற்றதெல்லாம் பெயர்கள். அசோகரின் பெரும்பாலான கல்வெட்டுகளில் அவர் பெயரே கிடையாது. 'தேவர்களுக்குப் பிரியமான பியதசி' என்ற பட்டம் மட்டும்தான். (பட்டமும் பெருமைதானே என்பீர்கள். சரி.) 1837-ல் இந்தக் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படித்துவிட்ட ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப்பே, இது இலங்கை மன்னன் தேவநம்பிய தீசனாக இருக்குமோ என்று முதலில் குழம்பினார். 1915-ல் கர்நாடகத்து மஸ்கியில் கிடைத்த கல்வெட்டில்தான் 'அசோக' என்ற பெயர் தெளிவாகக் கண்ணில் பட்டது.

பெயரை விடுங்கள், பொறித்த விஷயத்தைப் பாருங்கள். முதல் பாறைக் கல்வெட்டில் தம் சமையலறைக் கணக்கைச் சொல்கிறார். முன்பு அரண்மனைச் சமையலுக்குத் தினமும் லட்சக்கணக்கில் உயிர்களைக் கொன்றார்களாம். இப்போது இரண்டு மயில், ஒரு மான், அந்த மானும் தினமும் இல்லை, இனி இந்த மூன்றும் கொல்லப்படாது என்கிறார். லட்சம் என்பது கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் 'முழுக்க நிறுத்திவிட்டேன்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் யார் சமையலறைக்குள் போய்ப் பார்த்திருக்கப் போகிறார்கள்? அந்த இரண்டு மயிலை அவர் மறைக்கவில்லை.

13-ஆம் கல்வெட்டு இன்னும் பெரிது. பட்டத்துக்கு வந்த எட்டாம் ஆண்டில் கலிங்கத்தை வென்றதைச் சொல்லும்போதே, பிடித்துக்கொண்டு போனவர்கள் ஒன்றரை லட்சம், கொல்லப்பட்டவர்கள் ஒரு லட்சம், அதைப்போலப் பல மடங்கு பேர் செத்தார்கள் என்று எண்ணிச் சொல்லி, அதற்காக வருந்துகிறார். ஜெயித்த அரசன் இப்படிக் கணக்குச் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இந்த 13-ஆம் கல்வெட்டைக் கலிங்கத்தில் பொறிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே (இன்றைய ஒடிசாவில்) தௌலியிலும் ஜௌகடாவிலும் இதை விட்டுவிட்டு வேறு இரண்டைப் பொறித்திருக்கிறார்கள். அடிபட்ட ஊரிலேயே அதை எழுத மனம் வரவில்லையா, அரசியல் எச்சரிக்கையா? என் ஊகம் இரண்டாவது. ஆனால் அந்த இடத்தில் வைத்த எழுத்து உப்புச்சப்பில்லாத ஆறுதல் வார்த்தை அல்ல. 'எல்லா மக்களும் என் குழந்தைகள்' என்பதற்குக் கீழே அதிகாரிகளுக்கான உத்தரவு வருகிறது. காரணமில்லாமல் யாரையும் சிறையில் போடாதே, துன்புறுத்தாதே. பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், சோம்பல், களைப்பு இவையெல்லாம் இருந்தால் நியாயம் வழங்க முடியாது என்கிறார். களைப்பைக்கூடப் பட்டியலில் சேர்த்தவர், அலுவலகம் நடக்கும் விதத்தைக் கவனித்தவராகத்தான் இருக்க வேண்டும். இது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்புவேன் என்கிறார். திஷ்ய (பூச) நட்சத்திர நாள்களில் இதைப் படித்துக் காட்ட வேண்டும், கேட்க ஒரே ஒருவன் வந்தாலும் சரி என்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்கும் அதிகாரியின் கடமை என்னவென்று தெரிந்துவிடும். எந்த விளம்பரத்தில் இந்த வசதி உண்டு?

அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மரண தண்டனையை அவர் ஒழிக்கவில்லை, தண்டனை பெற்றவர்களுக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்தார், அவ்வளவுதான். வருத்தம் சொன்ன அதே 13-ஆம் கல்வெட்டில் காட்டுவாசிகளை மிரட்டவும் செய்கிறார்: வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை எனக்கு உண்டு, ஒழுங்காக இருங்கள் என்கிறார். கலிங்கத்தைத் திருப்பிக் கொடுத்ததாகவோ, பிடித்துப்போன ஒன்றரை லட்சம் பேரை ஊருக்கு அனுப்பியதாகவோ கல்வெட்டில் ஒரு சொல்கூட இல்லை. அசோகரைப் பிடிக்க வேண்டுமானால் அங்கே பிடியுங்கள். திறப்பு விழாக் கல்லை எதற்கு இழுக்கிறீர்கள்?