சுவருக்குப் போகும் படத்துக்கு என்ன விலை சொல்வது? கேள்வி பதில்

பொழுதுபோக்காகப் படம் எடுத்து, அவற்றை அச்சிட்டுச் சட்டமிட்டுப் பல ஆண்டுகளாக யாழ்ப்பாணத்தில் விற்று வரும் மூத்தவர் ஒருவரிடம் ஏனையோர் கேட்டவையும் அவர் அளித்த பதில்களும்.

கோண்டாவிலிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, கசூரினா கடற்கரையில் நான் எடுத்த படமொன்றை உறவினர் ஒருவர் 12க்கு 18 அங்குலத்தில் சட்டம் போட்டு விலைக்குக் கேட்கிறார். தொகையைச் சொல்ல வாய் வரவில்லை.

கூச்சம் கணக்குத் தெரியாததால் வருவது, டீச்சர். ஒரு கொப்பியை எடுத்து, அச்சுக்கூலி, படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் மவுண்ட் அட்டை, சட்டமும் கண்ணாடியும், பொதி செய்யும் செலவு, கடைக்கு இரண்டு தரம் போய்வந்த பெற்றோல் என்று கையைவிட்டுப் போகும் காசு முழுவதையும் எழுதுங்கள். பத்துப் பிரதிகளில் ஒன்றாவது நிறம் பிசகியோ மூலை மடிந்தோ வீணாகும் என்று வைத்து, அந்த இழப்பில் ஒரு பங்கையும் சேர்ப்பது என் வழக்கம். எல்லாம் கூட்டி 5,000 ரூபா வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். படத்தைத் திருத்தவும் சட்டம் போடுபவரோடு மல்லுக்கட்டவும் நீங்கள் செலவிட்ட நேரத்துக்கு 2,000 ரூபா சேர்த்தால் 7,000 ஆகிறது. கமராவின் விலையை இந்த ஒரு படத்தின் தலையில் கட்ட வேண்டாம். அது நீங்கள் ஆசைக்கு வாங்கியது. உறவினருக்குக் குறைக்க மனம் வந்தால் உங்கள் கூலியில் குறையுங்கள், செலவில் கை வைக்காதீர்கள். அதுவும் மனத்துக்கு ஒவ்வாவிட்டால் அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள். அரை விலைக்குக் கொடுத்தால் அதுவே உங்கள் விலை என்று அடுத்த கல்யாண வீட்டுக்குள் ஊரெல்லாம் பரவிவிடும். அன்பளிப்பை யாரும் விலையாகப் பேசுவதில்லை.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, உணவகம் ஒன்று 30 வீதத் தரகுக்கு என் படங்களை மாட்டி விற்றுத் தருவதாகச் சொல்கிறது. 7,000 ரூபாவோடு 30 வீதத்தைக் கூட்டி 9,100 என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை, தம்பி. அவர்கள் 30 வீதத்தை 9,100 ரூபாவில் கழிப்பார்கள். 2,730 போக உமக்கு மிஞ்சுவது 6,370. ஆகவே 7,000ஐ 0.7 ஆல் வகுத்து 10,000 என்று போட வேண்டும். அங்கே 10,000 என்று தொங்கும் படத்தை வீட்டு வாசலில் 7,000க்குக் கொடுத்தீரென்றால், கடைக்காரர் எல்லாவற்றையும் கழற்றித் திருப்பி அனுப்புவார், அது நியாயமுந்தான். எத்தனை படங்கள், என்ன விலை, உடைந்தால் யார் பொறுப்பு, காசு எப்போது கைக்கு வரும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். எழுதாமல் நான் ஓரிடத்தில் ஆறு படங்கள் கொடுத்தேன். திரும்பி வந்தவை நான்கு. அவற்றில் ஒன்றில் குழம்பு தெறித்திருந்தது.

சுண்டுக்குளியிலிருந்து ஒருவர்: என்னுடையது 24 மெகாபிக்சல் கமரா. எவ்வளவு பெரிதாக அச்சிடலாம்?

அகலம் 6000, உயரம் 4000 பிக்சல் (படத்தை ஆக்கும் புள்ளி) என்றால், அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 20க்கு 13 அங்குலம் தாராளமாக வரும். தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 போதும். அப்போது 30க்கு 20 அங்குலம் வரை போகலாம். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிப்போயிருக்கும் என்பதால், அச்சகத்துக்கு மூலக் கோப்பையே கொடுங்கள். 16க்கு 20 அங்குலம் கேட்பவரிடம், கமராப் படம் அந்த வடிவத்தை விட நீளமானது என்பதால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நெடுந்தீவுக் குதிரை வாலில்லாமல் வந்ததற்கு நான் விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

பருத்தித்துறையிலிருந்து ஒருவர்: நான் விற்ற படம் மாரிக்குப் பிறகு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. வாங்கியவர் குறைப்படுகிறார்.

குறைப்படுவது சரியே. ஒளிப்பட ஆய்வுகூடத்தில் அச்சிட்டு எடுக்கும் வழமையான ஒளிப்படத் தாளின் மேற்பரப்பில் பசைபோன்ற ஜெலட்டின் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரோடு சேர்ந்து சட்டத்துக்குள்ளும் ஈரம் ஏறும்போது அது இளகி, பிறகு கண்ணாடியைப் பற்றிக்கொண்டு காய்கிறது. இழுத்துப் பிரிக்க முயன்றால் நிறம் கண்ணாடியோடு போய்விடும். புதுப் பிரதி ஒன்றை உங்கள் செலவில் கொடுங்கள். இனிமேல் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சன்னல் வெட்டிய மவுண்ட் அட்டையை வையுங்கள். அதன் தடிப்பு ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர்தான் என்றாலும் அந்த இடைவெளி போதும். அமிலமற்ற அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்; மலிவான அட்டையில் வெட்டிய விளிம்பு சில ஆண்டுகளில் பழுத்த இலையின் நிறத்துக்கு வந்து, படத்தின் ஓரத்தையும் மஞ்சளாக்கும். சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று நடமாடும். மை தெளிக்கும் அச்சுப்பொறியில் எடுத்ததென்றால், கரைந்த சாய மையை விட நுண்துகள் கொண்ட நிறமி மை வெயிலைத் தாங்கும். எதுவானாலும் மேற்கு வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று ஒரு துண்டில் எழுதிப் பின்னால் ஒட்டிவிடுவேன்.

மானிப்பாயிலிருந்து ஒருவர்: படத்தை வாங்கியவர் அதைத் தன் வியாபார விளம்பரத்தில் போட்டுவிட்டார். கேட்டால், காசு கொடுத்தேனே என்கிறார்.

அவர் வாங்கியது ஒரு பிரதியை மட்டுமே. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். நீங்கள் எழுத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தாலன்றி அது கைமாறாது. பற்றுச்சீட்டிலேயே "வீட்டில் மாட்டுவதற்கு மட்டும்" என்று எழுதுங்கள்.

நல்லூரிலிருந்து ஒருவர்: திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு எதை, எப்படி விற்கலாம்?

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாள்களும் வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறையும் பெரும்பாலும் ஒன்றாக வருவதால், கொடியேற்றத்துக்கு முன்பே அச்சிட்டு வைத்துவிடுங்கள். கண்ணாடியும் சட்டமும் விமானத்தில் வேண்டாம்; சுருட்டிக் கெட்டியான குழாயில் கொடுங்கள். ஐரோப்பாவில் 30க்கு 40, 50க்கு 70 சென்ரிமீற்றர்ச் சட்டங்களும், கனடாவில் 16க்கு 20 போன்ற அங்குலச் சட்டங்களும் கடைகளில் எளிதாகக் கிடைப்பதால், எந்த நாடு என்று கேட்டே அளவைத் தீர்மானியுங்கள். கோட்டையையும் நூலகத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். என் அனுபவத்தில் காசு கொடுத்து எடுத்துப் போவது கூரை போட்ட பழைய வாசலான சங்கடப்படலையையும் ஊர் ஒழுங்கையையுந்தான். ஒருமுறை ரொறன்ரோவிலிருந்து வந்த அம்மா ஒருவர், தேர்ப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, மூலையில் தெரிந்த வீதியைத் தொட்டு, இந்தத் துண்டை மட்டும் பெருப்பித்துத் தர முடியுமா என்று கேட்டார். அந்தத் துண்டின் அகலம் 900 பிக்சல். மூன்று அங்குலத்துக்கு மேல் வராது. மறுநாள் விடிய சைக்கிளில் போய் அந்த வீதியைத் தனியே எடுத்தேன். விலையில் ஒரு ரூபாவும் குறைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.