கோல் தார் 2706-இல் வருமா, 2707-இல் வருமா?

கேள்வி: நாங்கள் நீர்புகாப் பூச்சு தயாரிக்கும் சிறு நிறுவனம். சென்னைத் துறைமுகம் வழியாக முதன்முறையாக கோல் தார் (நிலக்கரித் தார்) இறக்குமதி செய்யப் போகிறோம். விற்பவர் இன்வாய்ஸில் ‘கோல் தார் ஆயில், 2707 99’ என்று சுங்கக் குறியீடு போட்டிருக்கிறார். எங்கள் கஸ்டம்ஸ் புரோக்கர் 2706 00 10 என்கிறார். தெரிந்த சாலை ஒப்பந்தக்காரரோ, தார் என்றால் 2713தானே என்கிறார். ஆய்வறிக்கையில் அடர்த்தி 1.18, நீர் 3.5%, நாஃப்தலீன் 9%, வடித்தபின் எஞ்சும் பிட்ச் 54% என்று இருக்கிறது. எதைப் போடுவது?

பதில்: உங்கள் புரோக்கர் சொல்வதுதான் சரி. அந்த ஆய்வறிக்கை கோக் அடுப்பில் (நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கிக் கோக் எடுக்கும் அடுப்பு) கிடைத்த கச்சா கோல் தாருக்கு உரியது. 2706 00 10 போடுங்கள். விற்பவரின் இன்வாய்ஸைக் கப்பல் ஏறும் முன்பே திருத்தி வாங்குங்கள்.

நான்கு எண்களில் எல்லாவற்றையும் தீர்த்துவைப்பது அந்த 54 விழுக்காடுதான். 2707 என்பது தாரைக் காய்ச்சி வடிக்கும்போது ஆவியாகி மேலே வந்து குளிர்ந்த எண்ணெய்களுக்கான தலைப்பு, அதாவது கட்டணப் பட்டியலின் நான்கு இலக்கக் குறியீடு. பென்சால், டொலுவால், நாஃப்தலீன், கிரியோசோட் எண்ணெய், ஆந்த்ரசீன் எண்ணெய் எல்லாம் அங்கே போகும். பிட்ச் அடியிலேயே தங்கிவிடும், மேலே வராது. உங்கள் சரக்கில் பாதிக்கு மேல் பிட்ச் இருக்கிறதென்றால் அது இன்னும் வடிக்கப்படாத தார். ‘ஆயில்’ என்று பெயர் வைத்ததால் அது எண்ணெய் ஆகிவிடாது. மற்ற மூன்று எண்களும் இதற்கு ஒத்துப்போகின்றன. கோக் அடுப்புத் தாரின் அடர்த்தி பொதுவாக 1.15 முதல் 1.20 வரை இருக்கும், நாஃப்தலீன் 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்.

2706 தலைப்பு நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, பீட் ஆகியவற்றைச் சூடாக்கிப் பிரித்த தார்களையும் மற்ற கனிமத் தார்களையும் சேர்த்துக்கொள்கிறது. நீர் நீக்கியிருந்தாலும், எண்ணெயில் ஒரு பகுதியை எடுத்துவிட்டிருந்தாலும் அதே தலைப்புதான். ஆகவே நீர் 3.5 விழுக்காடா, அரை விழுக்காடா என்பது விலையை மாற்றும், குறியீட்டை மாற்றாது. இந்தியக் கட்டணப் பட்டியலில் கோல் தாருக்கு 2706 00 10, மற்றவைக்கு 2706 00 90. ஒரு காலத்தில் நெய்வேலிக் கரியாக்க ஆலையில் லெக்கோ எரிகட்டியோடு கிடைத்த பழுப்பு நிலக்கரித் தார் போன்றது இந்த இரண்டாவது வரியில் வரும்.

குறைந்த வெப்பத் தார் வாங்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கோக் அடுப்பு 1000 டிகிரிக்கு மேல் ஓடுவதால் அந்தத் தார் ஏறக்குறைய முழுக்க அரோமாட்டிக் (பென்சீன் போன்ற வளைய அமைப்புள்ள சேர்மங்கள்) ஆக இருக்கும். வெப்பம் குறைந்தால் அலிஃபாட்டிக் (அந்த வளையம் இல்லாதவை), ஃபீனால் வகைகள் கூடிவிடும். தாராக இருக்கும்வரை இரண்டும் 2706தான். வடித்து எண்ணெயாக்கினால் வழி பிரிகிறது: அரோமாட்டிக் பங்கு எடையில் மிகுந்திருந்தால் 2707, இல்லையென்றால் 2710.

உண்மையான சிக்கல் ‘ஓரளவு வடித்த தார்’ எங்கே முடிகிறது, 2708-இல் வரும் பிட்ச் எங்கே தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. தலைப்பு வாசகத்தில் இதற்கு எண் எல்லை எதுவும் கிடையாது. அதனால் மென்மையாகும் வெப்பநிலை, வடிப்பு வரம்பு, ஆலையின் செயல்முறை மூன்றையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். அறை வெப்பத்தில் ஊற்றக்கூடியதாக, சூடாக்கினால் நடு எண்ணெய்கள் இறங்கக்கூடியதாக இருந்தால் தார் என்று வாதாடலாம். அலுமினிய ஆலை மின்வாய்களுக்கு வாங்கும் பைண்டர் பிட்ச் 100 டிகிரிக்கு மேல்தான் மென்மையாகும். அதை யாரும் தார் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது, திரும்பச் சேர்த்த தார். பிட்சில் கிரியோசோட் அல்லது கன ஆந்த்ரசீன் எண்ணெயைக் கலந்து இளக்கியது 2706-க்குள்தான் வரும், ஏனென்றால் கலந்தது தாரிலிருந்து வந்த பொருளே. அதே பிட்சில் பெட்ரோலிய பிட்டுமன், நிரப்பிகள் ஆகியவற்றைச் சேர்த்து மாஸ்டிக்காகவோ (பூசும் பசை) கட்பேக்காகவோ (கரைப்பானில் இளக்கியது) செய்திருந்தால் 2715-க்குப் போய்விடும். உங்களைப் போல நீர்புகாப் பொருள் செய்பவர்களிடம் விற்பவர்கள் ‘ரீஃபைண்ட் தார்’ என்ற பெயரில் இரண்டில் எதை வேண்டுமானாலும் அனுப்புவார்கள். எதைக் கொண்டு இளக்கினீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எபாக்சி ரெசினில் தார் கலந்த பூச்சைக் கட்டணப் பட்டியலின் 27-ஆம் அத்தியாயத்தில் தேட வேண்டாம், 32-ஐப் பாருங்கள். மரத் தார் 3807.

ஒப்பந்தக்காரர் சொன்னதிலும் அவர் அளவில் தவறில்லை. இன்று நம் சாலைகளில் போடும் ‘தார்’ விஜி-30 போன்ற பெட்ரோலிய பிட்டுமன், அதற்கு 2713 20. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் எஞ்சுவது அது. நிலக்கரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சந்தேகம் இருந்தால் கடலை அளவு சரக்கை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஒயிட் ஸ்பிரிட்டில் (பெயின்ட் இளக்கும் பெட்ரோலியக் கரைப்பான்) போட்டுக் குலுக்குங்கள். பிட்டுமன் கரைந்து திரவம் கருங்காப்பி நிறமாகும். கோல் தார் பெரும்பாலும் கரையாமல் அடியில் கிடக்கும், திரவம் தேன் நிறத்தில் நிற்கும். அந்துருண்டை வாசனையும் தாரைக் காட்டிக்கொடுக்கும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கோல் தார் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. இது உங்கள் தெளிவுக்கான சோதனை மட்டுமே. சுங்க ஆய்வகத்தில் வடிப்புச் சோதனை, கரையாப் பொருள் அளவு போன்றவைதான் செல்லும்.

மாதிரி எடுப்பதில்தான் நல்ல சரக்கும் தவறான தலைப்புக்குப் போகிறது. தார் நீரைவிடக் கனம், எனவே பிரிந்த நீர் மேலே மிதக்கும், கரித்தூள் போன்ற திடப்பொருள் அடியில் படியும். குளிர்ந்தால் நாஃப்தலீன் படிகமாகி ஒதுங்கும். குளிர்ந்த டேங்கின் மேல்வாயிலிருந்து ஒரு குவளை மொண்டால் நீரும் லேசான எண்ணெயுமே அதிகம் கிடைக்கும், அடி வால்வில் பிடித்தால் பிட்ச் போலத் தெரியும். 60-70 டிகிரிக்குச் சூடாக்கி, பம்ப் வைத்துச் சுழலவிட்டு, மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் எடுத்துக் கலக்கச் சொல்லுங்கள். சுங்க அதிகாரி மாதிரி எடுக்கும்போது உங்கள் ஆள் உடன் இருக்கட்டும். முத்திரையிட்ட இணை மாதிரி ஒன்று இருந்தால்தான் பின்னால் மறுபரிசோதனை கேட்பதற்குப் பொருள் உண்டு.

காகிதங்களைப் பொறுத்தவரை, இன்வாய்ஸில் ‘கச்சா கோல் தார், கோக் அடுப்பில் உயர்வெப்பத்தில் கிடைத்தது, வடிக்கப்படாதது’ என்ற விவரம் வேண்டும். பாதுகாப்புத் தரவுத்தாளில் உள்ள சி.ஏ.எஸ். எண்ணை (வேதிப்பொருள் அடையாள எண்) ஒத்துப்பாருங்கள்: உயர்வெப்பக் கோல் தாருக்கு 65996-89-6, அதன் பிட்சுக்கு 65996-93-2. இன்வாய்ஸ் தார் என்றும் தரவுத்தாள் பிட்ச் என்றும் சொன்னால் கேள்வி வரும், வர வேண்டியதும்தான். வர்த்தக ஒப்பந்தச் சலுகை கோரினால் பிறப்பிடச் சான்றிதழிலும் முதல் ஆறு இலக்கம் 2706 00 ஆகவே இருக்கட்டும். அதில் 2707 99 என்றிருந்தால் சலுகை சிக்கலாகும். கரோட்டார் 2020 (வர்த்தக ஒப்பந்தப் பிறப்பிடம் பற்றிய சுங்க விதிகள்) விதிகளின்படி பிறப்பிடத் தகவலைக் கையில் வைத்திருக்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையதே.

தீர்வையை இறக்குமதியாளரே கணக்கிட்டுச் சொல்லும் சுயமதிப்பீடு என்பதால் தவறான தலைப்பின் சுமை இறக்குமதியாளர் தலையில்தான் விழும். தீர்வை குறைந்திருந்தால் சுங்கச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை கேட்கலாம். வேண்டுமென்றே மறைத்ததாகக் கருதினால் 5 ஆண்டு. சரக்கு வந்தபின் தகராறு எழுந்தால் டேங்கை நிறுத்தி வாடகை கட்டிக்கொண்டிருக்காமல் 18-ஆம் பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேட்டுப் பத்திரம் கொடுத்து எடுத்துவிடுங்கள். தொடர்ந்து வாங்கப் போகிறீர்கள் என்றால், குறிப்பாகத் திரும்பச் சேர்த்த தார் வாங்குவதாக இருந்தால், முன்கூட்டியே 28எச் பிரிவில் முன்தீர்ப்புக்கு (இறக்குமதிக்கு முன்பே குறியீட்டை உறுதிசெய்யும் தீர்ப்பு) விண்ணப்பியுங்கள். டெல்லியிலும் மும்பையிலும் அதற்கான ஆணையம் இயங்குகிறது. சட்டமும் உண்மைகளும் மாறாதவரை, சட்டம் தரும் கால வரம்புக்குள் தீர்ப்பு செல்லும்.

மலிவு விலையில் ‘டெக்கான்டர் ஸ்லட்ஜ்’ (தார் பிரிக்கும் தொட்டியின் அடிக்கசடு), ‘தார் ரெசிட்யூ’ என்ற பெயரில் எதுவும் வந்தால் குறியீட்டுக்கு முன் வேறு கேள்வி இருக்கிறது. வடிப்பு, வெப்பச் சிதைவு ஆகியவற்றில் எஞ்சும் தார்க் கழிவுகள் அபாயக் கழிவுகளை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் ஏ3190 பதிவில் அபாயக் கழிவாக உள்ளன. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்கீழ் அதை இறக்குமதி செய்ய முடியுமா என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.