முதலில் வாளித் தண்ணீர், பிறகுதான் வாகனம்

சித்திரை பிறந்தால் வட இலங்கையின் வன்னியில் இரண்டு பேர் சந்திக்கும் இடமெல்லாம் வெக்கைப் பேச்சுத்தான். 31 ஆண்டுகள் ஆஸ்பத்திரி விடுதிகளில் தாதியாக நின்றவள் என்பதால், வெயிலைப் பற்றிக் கேட்க நினைப்பதை எழுதி அனுப்புங்கள் என்றேன். வந்த கேள்விகளில் பாதி, எதைக் குடித்தால் உடம்பு குளிரும் என்பதுதான். அதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

கேள்வி (விசுவமடு): மிஸ், எங்கள் கச்சான் தோட்டத்தில் கூலிக்கு வந்த ஒருவர் தலைச்சுற்றி விழுந்தார். நிழலில் படுக்கவைத்துச் சோடா கொடுத்தோம், எழும்பிவிட்டார். எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்?

புத்தியைப் பாருங்கள் தம்பி. பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். ஒழுங்காகப் பதில் வந்தால் அது வெப்பக் களைப்பு. நிழல், ஈரத்துணி, மெல்ல மெல்லத் தண்ணீர். அரைமணி நேரத்தில் தேறாவிட்டால் ஆஸ்பத்திரி. தேறினாலும் அன்றைக்கு மறுபடி மண்வெட்டியைத் தொடக் கூடாது. பேச்சுக் குளறினால், ஆள் தெரியாமல் விழித்தால், காரணமில்லாமல் ஏசினால், வலிப்பு வந்தால், மயங்கினால் அது வெப்பத்தாக்கு. உடம்பின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கும். (சிலர் இதை 'வெப்பப் பக்கவாதம்' என்று எழுதுகிறார்கள். கை கால் ஒரு பக்கம் இழுக்கும் நோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.) தோல் காய்ந்திருந்தால்தான் ஆபத்து என்பதையும் நம்பாதீர்கள். வேலை செய்துகொண்டிருந்தவர் வியர்வையில் தோய்ந்தபடியே இந்த நிலைக்குப் போவார்.

ஒரு வருடம், சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம், ஒருவரை உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். வெயில் படாமல் இருக்கத் தறப்பாளால் மூடியிருந்தார்கள். வலிப்பு என்று நினைத்துக் கைக்குள் ஒரு இரும்புத் திறப்பை (சாவியை) திணித்திருந்தார்கள். அந்த விரல்களைப் பிரித்தபோது இரும்பும் சுட்டது, கையும் சுட்டது. வந்த வழி நெடுக வாய்க்கால் நிறைய ஓடியிருக்கிறது, ஒரு வாளி அவர் மேல் விழவில்லை. அன்றிரவு போய்விட்டார். கூட வந்தவர்கள் நல்லவர்கள், பதறிக்கொண்டு ஓடிவந்தவர்கள். தண்ணீர் என்றால் வாயில் ஊற்றுவது என்றுதான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள். சட்டையைக் கழற்றுங்கள், தலையிலிருந்து கால்வரை கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், ஒருவர் விசிறட்டும். ஐஸ்கட்டி இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், கவட்டில் வையுங்கள். வாகனத்தில் ஏற்றிய பிறகும் நனைப்பதை நிறுத்தாதீர்கள். நினைவு தெளிவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். பனடோல் இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

கேள்வி (முகமாலை): கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருக்கிறேன். கவசத்தையும் முகமறைப்பையும் கழற்ற முடியாது. லீவு முடிந்து திரும்பும் முதல் இரண்டு நாள்தான் என்னை அதிகம் வாட்டுகிறது. ஏன்?

உடம்புக்கு வெயில் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு கிழமை எடுக்கும், பிள்ளை. பழகிய உடம்பு முந்தி வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். வீட்டில் நின்ற நாட்களில் அந்தப் பழக்கம் கொஞ்சம் கழன்றுவிடும். திரும்பிய முதல் நாட்களில் ஓய்வை அடிக்கடி கேளுங்கள். ஓய்வு நேரத்தில் நிழலில் கவசத்தைக் கழற்றிவிட்டு, முழங்கைவரை இரண்டு கையையும் வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். கால்மணிக்கு ஒருமுறை ஒரு குவளை குடியுங்கள், ஆனால் மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வேண்டாம். மிதமிஞ்சினால் இரத்தத்தில் உப்புக் குறைந்து அதுவே மயக்கும். மலசலகூடம் தூரம் என்பதற்காகக் குடிக்காமல் இருக்கும் பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்த வசதியைப் பொறுப்பாளரிடம் வாய்திறந்து கேளுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): தகரக் கூரை வீடு. 80 வயது அம்மா பகலெல்லாம் உள்ளே படுத்திருக்கிறார். மின்விசிறி போட்டிருக்கிறோம், போதாதா?

போதாது. நடுப்பகலில் அந்தத் தகரத்தின் கீழ் மின்விசிறி சூட்டுக் காற்றைத்தான் அவர் மேல் அடிக்கும். தோல் ஈரமாக இருந்தால்தான் காற்றால் பயன். சட்டையை நனைத்துவிடுங்கள், அல்லது ஈரத் துவாயால் அடிக்கடி துடைத்துவிட்டு விசிறியைப் போடுங்கள். அதைவிட நல்லது, பத்து மணிக்கே கட்டிலை வேம்பின் கீழ் கொண்டுபோய்ப் போடுவது. தகரத்துக்கு மேல் கிடுகு பரப்பினால் உள்ளே வித்தியாசம் நன்றாகத் தெரியும், இல்லாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் தெரியாது. "வேண்டாம்" என்பார், அதைக் கேட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். பிரஷருக்குச் சலம் போகும் மாத்திரை எடுப்பவர் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய், வெயில் காலத்துக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

கேள்வி (பூநகரி): வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. இன்சுலின் போத்தலை எங்கே வைப்பது?

பெரிய மண்சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, அதற்குள் பொலித்தீன் உறையில் போத்தல், மேலே ஈரத்துணி. காற்றோட்டமான நிழலில் வைத்து, மணல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வவுனியா): தொலைபேசி 35 பாகை என்கிறது, அதற்குக் கீழேயே 42 போல உணரப்படும் என்கிறது. எதை நம்புவது?

இரண்டாவதை. காற்றில் ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாது, ஆவியாகாத வியர்வை குளிர்விக்காது. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் என்று எச்சரிக்கை விடுவதும் இதைத்தான். அந்தக் கணக்கும் நிழலில் நிற்பவருக்கானது. வெட்டவெளியில் இன்னும் 8 பாகைவரை ஏறலாம்.

கேள்வி (ரொறன்ரோ): ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வருகிறோம். சித்திரை வெயில் அதற்குள் முடிந்துவிடும்தானே, அக்கா?

சித்திரை முடியும், வெயில் முடியாது. ஏப்ரல் நடுவில் நம் உச்சிக்கு மேல் நின்ற சூரியன், ஆகஸ்ட் கடைசியில் திரும்பவும் உச்சிக்கு வரும். வந்த முதல் கிழமை நடுப்பகலில் பிள்ளைகளை வெளியே இழுத்துத் திரியாதீர்கள். உறங்கிவிட்டான் என்று நிறுத்திய வானுக்குள் குழந்தையை ஐந்து நிமிடம்கூட விடக் கூடாது.

கேள்வி (பலரும்): மோரா, இளநீரா, நுங்கா, ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் தூளா? கள்ளும் குளிர்ச்சிதானே?

மோர், பழஞ்சோற்றுத் தண்ணீர், நுங்கு, வெள்ளரிப்பழம் எல்லாம் நல்லவை. கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறது என்று குடிக்காமல் இருப்பவர்கள் தேசிக்காய் பிழிந்தாவது குடியுங்கள். ஜீவனி ஒரு பைக்கற்றுக்கு, கொதித்தாறிய தண்ணீர் சரியாக ஒரு லீற்றர். சீனி சேர்க்க வேண்டாம், ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம். சிறுநீரக நோயாளர்கள் இளநீரை வைத்தியரிடம் கேட்காமல் தொடக் கூடாது, அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தைப் பாதிக்கும். அவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் கிளினிக்தான் சொல்ல வேண்டும். கள்ளைப் பற்றி ஒரு ஐயா மூன்று முறை எழுதியிருக்கிறார். நெஞ்சுக்குள் இறங்கும்போது குளிர்ச்சிதான் ஐயா, பிறகு சலமாகப் போய் உடம்பைக் காயவைக்கும். பொழுதுபட்ட பிறகு பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு.